பஞ்சவர்ணம் பாடினால் மட்டும் வந்த சத்தம்

கீரனூரில் வீட்டு மாடியில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி போன வாரம் எனக்குப் போன் செய்தார். கணினியில் பாட்டைப் பதிவு செய்தால் நடுநடுவே டிக், டிக் என்று வருகிறதாம். என்னென்ன சோதித்துப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சோதிக்கவில்லையாம். இப்போது புதிதாக ஒரு பட்டன் வந்திருக்கிறது, அதை அமுக்கினால் கணினியே அந்தச் சத்தத்தைத் துடைத்துவிடுகிறது, ஆனாலும் மனசுக்கு என்னவோ போல் இருக்கிறது, அதனால்தான் உங்களைக் கேட்கிறேன் என்றார். மனசுக்கு என்னவோ போல் இருக்கிறது என்று சொன்னாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

சத்தம் போய்விட்டது, சரி. அது எங்கிருந்து வந்தது? அது தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரி இதைச் சந்தேகப் புத்தி என்பாள். கறிக்கடையில் தராசைத்தான் பார்ப்பேன், கறியைப் பார்க்க மாட்டேன். கல்யாண வீட்டில் யாராவது அதிகமாகச் சிரித்துப் பேசினால் இவருக்கு என்ன காரியம் ஆக வேண்டும் என்று யோசிப்பேன். நல்ல குணமில்லைதான். ஆனால் பிறவியிலேயே வந்ததில்லை. தொழில் கொடுத்தது. எனக்குத் தொழிலைக் கொடுத்தவர் ராஜமாணிக்கம் சார்.

புதுக்கோட்டையில் கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. அம்மன் பாட்டு, முளைப்பாரிக் கும்மி, வள்ளி திருமண நாடகம், ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் ஜவுளிக்கடை விளம்பரம் என்று எல்லாமும் அங்கே பதிவாகும். கேசட் காலத்தில் போய்ச் சேர்ந்தேன். ஒயர் சுற்றக் கற்றதும், மைக்கைக் கையாளக் கற்றதும், நாடா போய்க் கணினி வந்தபோது எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து கற்றதும் இங்கே வேண்டாம். கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது சந்தேகப்படும் வரிசை.

சார் ஒல்லி மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, மேல் பட்டன் வரை போட்டிருப்பார். அறைக்குள் வந்ததும் பேச மாட்டார். முதலில் ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சுவார், ஏதாவது தீய்கிறதா என்று. பிறகு ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எங்கேயோ ஓர் எலி நடந்தாலும் சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு இந்த மாவட்டத்தில் ஈடு கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். சாயங்காலம் அலமாரியைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, படியிறங்கி, மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பார். அலமாரிக்குள் இருந்தவை பழைய நாடாக்கள்.

சத்தத்தில் கோளாறு என்றால் அவர் சொல்லும் வரிசை மாறவே மாறாது. முதலில் உன் காதைச் சந்தேகப்படு, ஹெட்போனை மாற்றிக் கேள். பிறகு ஒயர். பிறகு ஒயர் சொருகியிருக்கும் ஓட்டை. பிறகு கரண்ட், எர்த். பிறகு மைக் சத்தத்தைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி. பிறகு கணினி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிச் சரியாகிவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வார்.

"மனுசன கடைசியாத்தான் சந்தேகப்படணும் முருகேசா. ஆனா கண்டிப்பாப் படணும்."

இந்த டிக் சத்தம் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கணினி சத்தத்தை ஒரே ஓட்டமாக வாங்காது. குழாயடியில் குடம் மாற்றுவது போல, ஒன்று நிரம்பியதும் தள்ளிவிட்டு அடுத்ததை வைக்கும். வைக்கிற ஆளை வேறு யாராவது கூப்பிட்டு அவர் ஒரு விநாடி திரும்பிவிட்டால் தண்ணீர் கீழே போகும். அந்த இடைவெளிதான் நம் காதில் டிக் என்று விழுகிறது. பெரிய குடமாக வைத்தால் அவசரம் குறையும். ஆனால் அது நிரம்பி வர நேரமாவதால், பாடுகிறவர் காதில் அவர் குரல் தாமதமாகத் திரும்பி வரும். இந்தக் குடத்தைத்தான் நாங்கள் பஃபர் என்போம். சின்னக் குடமா, பெரிய குடமா என்பதுதான் கணினி ஒலிப்பதிவில் பாதி வாழ்க்கை. மீதிப் பாதி, அந்த ஆளைக் கூப்பிடுவது யார் என்று கண்டுபிடிப்பது.

பஞ்சவர்ணம் விஷயத்துக்கு வருகிறேன். குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர்க்காரி. நடவு வேலைக்குப் போகிறவள். முந்தின வருஷம் எங்களிடம் ஒரு முளைப்பாரிப் பாட்டுப் பாடிவிட்டுப் போனவள்தான். படிப்பு கிடையாது, ஆனால் கும்மிக்கு அவள் முதலடி எடுத்துக் கொடுத்தால்தான் அந்த ஊரில் மற்றப் பெண்களுக்குக் கை தட்ட வரும். வருஷா வருஷம் அவள் ஊரில் மது எடுப்பு நடக்கும். பெண்கள் குடத்தில் நெல்லை நிரப்பித் தென்னம்பாளையைச் சொருகித் தலையில் தூக்கிக்கொண்டு அம்மன் கோவிலுக்குப் போவார்கள். அந்த ஊர்வலத்துக்குப் பாட்டு அவளுடையது. அந்த வருஷம் திருவிழாக் கமிட்டி, புதுப் பாட்டு ஒன்றை எங்களிடம் பதிவு செய்து, காப்புக் கட்டும் நாளிலிருந்து ஒலிபெருக்கியில் போடுவது என்று முடிவு செய்திருந்தது. கமிட்டி சார்பாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் சிதம்பரம். உரக்கடை வைத்திருப்பவர், நல்ல பேச்சுக்காரர். நல்ல பேச்சுக்காரர் என்பதாலேயே அவர் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது.

ராஜமாணிக்கம் சார் அப்போது மாடி ஏறுவதை நிறுத்தியிருந்தார். முழங்கால் வலி. வேலை முழுக்க என் பொறுப்பு. பறை, உறுமி, நாதஸ்வரம் எல்லாம் முதலிலேயே பதிவாகிவிட்டன. ஒரு புள்ளி குறை இல்லை. பஞ்சவர்ணம் கண்ணாடி அறைக்குள் போய் நின்று வாயைத் திறந்தாள். முதல் அடி முடியும் முன்பே டிக். அடுத்த அடியில் டிக், டிக். ஒரு நிமிஷம் சுத்தமாக ஓடும், பிறகு கடுகு தாளித்தது போல வெடிக்கும்.

வரிசைப்படி போனேன். முதலில் என் காது. பிறகு மைக்குக்கு முன்னால் இருப்பவை. பாட்டில் 'ப' நிறைய வந்தது, மூச்சுக்காற்று மைக்கில் மோதினால் டப் என்று ஒரு சத்தம் வரும். ஆனால் அது 'ப' வருகிற இடத்தில் மட்டும் வரும், கனமாகவும் இருக்கும். இது மெல்லிசாக, கண்ட இடத்தில் வந்தது. ஆக மூச்சு இல்லை. கண்ணாடி வளையலைக் கழற்றச் சொன்னேன். கழற்றினாள். சத்தம் நின்றபாடில்லை. ஒயரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், பெட்டியின் ஒயரைக் கணினியின் முன்பக்கத்திலிருந்து பிடுங்கிப் பின்பக்கம் சொருகினேன். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று கணினி அவ்வப்போது கண்ணசரும், அதையும் நிறுத்தினேன். கடைசியாகக் குடத்தைப் பெரிதாக்கினேன். டிக் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவளால் பாட முடியவில்லை.

"எங்கொரலு எனக்குப் பின்னாடியே வருதுண்ணே. யாரோ பழிப்புக் காட்டுற மாதிரி இருக்கு."

சரி, கீழே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அவளை அனுப்பிவிட்டு, அவள் நின்ற இடத்தில் நானே நின்று அதே பாட்டை என் கர்ண கடூரக் குரலில் பாடினேன். கேட்டுப் பார்த்தேன். ஒரு டிக் கிடையாது. அவள் திரும்பி வந்து நின்று பாடினாள். கடுகு வெடித்தது. மறுநாளும் இதே கதை. நடுவில் வந்து ஜவுளிக்கடை விளம்பரம் பேசிவிட்டுப் போனவருக்கு ஒன்றும் வரவில்லை.

சிதம்பரம் இதையெல்லாம் மூலையில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். அவருடைய செல்போன்தான் காரணமோ என்று அதை வாங்கி வாசலுக்கு வெளியே வைத்துப் பார்த்தேன். அப்போதும் டிக் வந்தது. அவருக்குக் கோபம்.

"மெசினுல கோளாறு இல்லைங்குறீங்க. மத்தவக பாடுனா நல்லாருக்கு. இந்தப் புள்ள பாடுனா மட்டும் வெடிக்குது. அப்ப ஆத்தா என்னமோ சொல்றாள்ல?"

ஊரில் போய்ச் சொல்லியும் விட்டார். வெள்ளிக்கிழமை கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று கமிட்டி தீர்மானித்தது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் பஞ்சவர்ணம் பாடலாம். சிவப்பு வந்தால் அவள் குரல் ஆத்தாவுக்கு ஆகவில்லை என்று அர்த்தம். அப்புறம் இந்தப் பாட்டு மட்டுமில்லை, கும்மியில் முதலடி எடுக்கவும் அவளை விடமாட்டார்கள். சிதம்பரத்தின் தம்பி மகள் கல்லூரியில் பாடிப் பரிசு வாங்கியவள் என்பதும் பேச்சோடு பேச்சாக என் காதில் விழுந்தது. விழ வேண்டிய காதில்தான் விழுந்தது.

வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை முயற்சி செய்யலாம் என்று வரச் சொல்லியிருந்தேன். பஞ்சவர்ணம் வளையல் இல்லாத கையோடு வந்தாள். நான் சொல்லவே இல்லை, வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டாள். முந்தின நாள் நடவு வயலில் பெண்கள் குலவை போடும்போது தான் வாயைத் திறக்கவில்லை என்றாள். அந்தக் குலவையிலும் ஏதாவது வெடித்துவிடுமோ என்று பயமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் இயந்திரம் செய்கிற வேலைக்கு ஒரு பெண் தன் தொண்டையைச் சந்தேகப்படுகிறாள். இதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் நான் இத்தனை வருஷம் காது வைத்திருந்ததற்கே அர்த்தம் இல்லை என்று தோன்றியது.

அவளை நிற்க வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். எதையெல்லாம் பிடுங்கிப் பார்த்தேன், எதைப் பிடுங்கவில்லை? ஒன்றே ஒன்று மிச்சம். இன்டர்நெட் ஒயர். அதை ஏன் தொடவில்லை என்றால், சார் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். மாடியில் திருட்டுப் பயம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் இல்லாத நேரத்தில் ஆள் வைத்துக் காமிரா மாட்டினார். ஏ.சி.க்கு மேலே சின்னக் கறுப்புக் கண். காமிராவுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, நம் கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். கூடவே, நெட்டு ஒயரை மட்டும் யாரும் பிடுங்க வேண்டாம், பாட்டெல்லாம் சேனலில் ஏற வேண்டும் என்றார். சார் சொன்னதால் நம்பினேன். கறிக்கடைத் தராசை நம்பாதவன் இதை நம்பிவிட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கிப் பார் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர், ஒன்றை மட்டும் பிடுங்காதே என்று ஏன் சொன்னார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பஞ்சவர்ணத்தைப் பாடச் சொன்னேன். டிக் வந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே மேசைக்குக் கீழே குனிந்து நெட்டு ஒயரைப் பிடுங்கினேன்.

சுத்தமான குரல். ஏரித் தண்ணீர் மாதிரி. முதல் சரணம் முழுக்க ஒரு புள்ளி இல்லை. கையை உயர்த்தி அவளுக்குச் சைகை காட்டலாம் என்று நிமிர்ந்தேன். என் செல்போன் அடித்தது. ராஜமாணிக்கம் சார்.

"முருகேசா, அங்கிட்டு நெட்டு போயிருச்சா?"

பார்க்கிறேன் சார் என்று சொல்லி வைத்தேன். வீட்டில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு மாடியில் நெட்டு போனது எப்படித் தெரியும்? ஒயரை மறுபடி சொருகினேன். பாடச் சொன்னேன். சற்று நேரம் சுத்தம், பிறகு கடுகு. பிடுங்கினேன். சுத்தம். போன் அடித்தது. இந்தத் தடவை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். சிதம்பரம் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். பஞ்சவர்ணம் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

"சார், வீட்டுலேர்ந்து எங்களப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்றேன்.

திருட்டுப் பயம்பா என்றார். தனிப் பெட்டி கிடையாது, காமிராவை நம் கணினியிலேயே ஏற்றச் சொல்லிவிட்டேன், செல்போனில் திறந்தால்தான் வேலை செய்யும், அதனால் என்ன என்றார். அதனால் என்ன என்று எனக்குத் தெரியும். அவர் திறந்து பார்க்கும்போதெல்லாம் குடம் மாற்றுகிற ஆளை அவர்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"பஞ்சவர்ணம் பாடுறப்ப மட்டும் திருட்டுப் பயமா சார்?"

"போன வருசம் இந்தப் புள்ள பாடுன முளைப்பாரிப் பாட்டு, நம்ம சேனல்ல ஏறுறதுக்கு முந்தி இன்னொருத்தன் சேனல்ல எப்புடி வந்துச்சு? நீ சொல்லு. அந்த ரூமுல இருந்தது நீயும் அதுவுந்தானே?"

இதுதான் சங்கதி. ஒரு வருஷமாக அவர் மனசில் வைத்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் சுவரில் ஒரு கண் மாட்டிவிட்டார். எனக்கு உடம்பு எரிந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சிதம்பரம் குனிந்து போனுக்குப் பக்கத்தில் போய்ப் பேசினார்.

"எந்தப் பாட்டுங்க, முளைப்பாரிப் பாட்டா? நீங்க கேட்டுப் பாக்கச் சொல்லி ஒரு காப்பி அனுப்புனீங்கள்ல. நாந்தாங்க அத குவைத்துல இருக்க எம் மச்சானுக்கு அனுப்பி வச்சேன். கோயில் குரூப்புலயும் போட்டேன். நம்ம ஊருப் பாட்டு, எல்லாரும் கேக்கட்டுமேன்னு."

அவர் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. குவைத்திலிருந்து அது எங்கெல்லாம் போயிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? தம்பி மகளுக்காகச் சதி செய்கிறார் என்று நான் நினைத்தேனே, இந்த மனிதருக்கு அவ்வளவு விவரம் பத்தாது.

"வரிசைய மாத்திட்டீங்க சார்" என்றேன். "மனுசன கடைசியாத்தான் சந்தேகப்படணும்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

அவர் போனை வைக்கவில்லை. பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள்.

"அப்ப எங்கொரலுல ஒண்ணும் இல்லையேண்ணே?"

ஒன்றுமில்லை ஆத்தா, ஒன்றுமே இல்லை என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. போனைப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல், நிதானமாகச் சொன்னாள்.

"ஐயா, பாக்கணும்னா நேர்ல வாங்க. எனக்கு எதுத்தாப்புல உக்காந்து பாருங்க. நீங்க வந்தாத்தான் பாடுவேன்."

ஒயர் பிடுங்கியாயிற்று, இப்போதே பாடி முடித்துவிடலாம் என்று சிதம்பரம் சமாதானம் சொன்னார். இனிமேல் பூக்கட்டிப் பார்க்கவும் தேவையில்லை, கமிட்டியில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவள் அசையவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சார் ஆட்டோவில் வந்தார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறினார். வந்ததும் மூக்கை உறிஞ்சவில்லை, ஹெட்போனையும் எடுக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் கண்ணாடி அறைக்குள் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டு, மைக்குக்கு அந்தப் பக்கம் அதைத் திருப்பி வைத்தாள். அவர் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். பதிவு அறைக்குள் பாடுகிறவரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

பஞ்சவர்ணம் அவர் முகத்தைப் பார்த்தபடியே பாடினாள். முதலடியிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில், ஒரு திருத்தம் இல்லாமல். கடைசிச் சரணத்துக்கு முன்னால் பறையும் உறுமியும் நின்று, அவள் குரல் மட்டும் தனியாக நிற்கிற இடம் ஒன்று உண்டு. குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஆத்தாவைப் பார்த்து, எம்மேல என்ன குத்தம் கண்டே என்று கேட்கிற இடம். அந்த வரி முடிந்து அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில் சார் தொண்டையைக் கனைத்தார். மைக் அதை அப்படியே வாங்கிக்கொண்டது.

வெளியே வந்ததும் அந்த இடத்தைச் சுத்தம் பண்ணிவிடு என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். சரி சார் என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அவளிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அவருக்கு வராது. அந்த வாரமே காமிரா மாடிப்படிக்கு இடம் மாறியது. அதற்கு நிஜமாகவே ஒரு தனிப் பெட்டியும் வந்தது.

காப்புக் கட்டு அன்றைக்குச் சிதம்பரம் எங்கள் இரண்டு பேரையும் ஊருக்கு அழைத்துப் போய்த் துண்டு போட்டார். வளையல் நிறைய அடுக்கிக்கொண்டு பஞ்சவர்ணம் கும்மிக் கூட்டத்தின் நடுவில் நின்றாள். பனைமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நானும் சாரும் நின்றோம். பாட்டு ஓடியது. பறை நின்றது, உறுமி நின்றது. அவள் கேள்வியைக் கேட்டு மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளியில், ஊருக்கே கேட்கிற மாதிரி, ஒரு கனைப்பு.

சார் தலையை நிமிர்த்தி ஒலிபெருக்கியைப் பார்த்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து பஞ்சவர்ணம் எங்களைப் பார்த்தாள்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சே" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்" என்றேன்.

எலி நடந்தாலும் சொல்லிவிடும் காது அது. வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"ஒயரா இருக்கும்."